ஜனவரி 10-ல் வரும் பணம்: பூட்டானும் பேரரசும்

பூட்டானோடு பிரிட்டிஷ் அரசு 1865ல் போட்ட ஒப்பந்தத்தில் ஜனவரி 10 என்றொரு தேதி வருகிறது. ஆண்டுதோறும் அந்தத் தேதியில் பூட்டான் அரசுக்கு ஒரு தொகை தர வேண்டும் என்பது ஏற்பாடு. 1910ல் ஒப்பந்தத்தைத் திருத்தித் தொகையை இரண்டு மடங்காக்கினார்கள். கூட்டிய தொகைக்கும் கணக்கு ஜனவரி 10 முதல்தான். அப்புறம் 1949ல் சுதந்திர இந்தியா பூட்டானோடு புது ஒப்பந்தம் எழுதியது. அதில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். முதல் தவணை 1950 ஜனவரி 10. வைஸ்ராய்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள், தேதி மட்டும் போகவில்லை.

இந்தப் பணம் எதற்கு? ஒப்பந்தங்களில் பொதுவாக எல்லோரும் படிப்பது நட்பு, நிரந்தர சமாதானம், அயலுறவு என்று வரும் வரிகளைத்தான். பூட்டான் விஷயத்தில் இந்தப் பணத்தைப் பிடித்துக்கொண்டு போனால்தான் கதை விளங்கும் என்பது என் எண்ணம். யார் யாருக்குக் கொடுத்தார்கள், என்ன பெயர் வைத்துக் கொடுத்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடுவோம். பூட்டான் மலை சட்டென்று சமவெளியில் இறங்கும் இடத்தில், டீஸ்டா ஆற்றிலிருந்து கிழக்கே அசாம் வரை ஒரு நீண்ட பட்டை கிடக்கிறது. காடும் புல்வெளியும் ஆறுகளும் நிறைந்த, மலேரியாவுக்குப் பேர்போன இடம். மலைக்கு ஏறும் கணவாய்கள் ஒவ்வொன்றும் இங்கேதான் வாய் திறக்கின்றன. அதனால் ‘துவார்’ என்று பெயர். நாம் துவாரபாலகர் என்கிறோமே, அதே சொல். மொத்தம் 18 துவார்கள்: வங்காளப் பக்கம் 11, அசாம் பக்கம் 7. மலையில் விளைவது குறைவு. அரிசியும் பருத்தியும் வரியும் கீழே இருந்துதான் வர வேண்டும். மலையின் கோட்டைகளில் இருந்தவர்களுக்குச் சோறு போட்டது இந்தக் கதவடி நிலம்தான்.

பணம் முதலில் கீழிருந்து மேலே போகவில்லை, மேலிருந்து கீழேதான் வந்தது. அதுவும் பணமாக வரவில்லை, குதிரையாக வந்தது. 1772ல் தெற்கே சமவெளியில் இருந்த கூச் பெஹார் அரசின் அரசுரிமைச் சண்டையில் பூட்டான் தலையிட்டது. தோற்ற தரப்பு கல்கத்தாவுக்கு ஓடி, கிழக்கிந்தியக் கம்பெனியிடம் உதவி கேட்டது. கம்பெனி படை அனுப்பிப் பூட்டானியர்களை மலைவரை துரத்தியது. அதற்கு விலையாகக் கூச் பெஹார் கம்பெனியின் கைக்குள் போனது. திபெத்தின் பஞ்சென் லாமா இடையில் புகுந்து, கம்பெனியின் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1774 ஏப்ரலில் சமாதானம் ஆயிற்று. பிடித்த நிலங்களைக் கம்பெனி பெரும்பாலும் திருப்பிக் கொடுத்தது. சிச்சாகோட்டா என்ற பகுதியை வைத்துக்கொள்வதற்காகப் பூட்டான் ஆண்டுக்கு ஐந்து டாங்கன் மட்டக்குதிரைகள் தர வேண்டும் என்று எழுதிக்கொண்டார்கள்.

ஹேஸ்டிங்ஸுக்கு அப்போது பூட்டானின் மேல் கண் இல்லை. அதைத் தாண்டித் திபெத் வணிகத்தின் மேல்தான் கண். அதே ஆண்டு ஜார்ஜ் போகிளைத் தூது அனுப்பினார். வழியில் தங்கும் இடங்களில் உருளைக்கிழங்கு நட்டுவிட்டுப் போகச் சொன்னார். இன்றைக்கும் பூட்டான் இந்தியாவுக்கு உருளைக்கிழங்கு அனுப்புகிறது. இந்த உறவில் யாருக்கும் வருத்தம் தராத ஒரே விஷயம் அந்தக் கிழங்காகத்தான் இருக்கும்.

1826ல் நிலைமை மாறியது. பர்மாவோடு நடந்த முதல் போர் முடிந்து அசாம் பிரிட்டிஷார் கைக்கு வந்தது. அசாமோடு சேர்த்து, அங்கே முன்பு ஆண்ட அகோம் அரசர்கள் பூட்டானோடு வைத்திருந்த பழைய ஏற்பாடுகளும் வந்தன. அவை நவீன அரசாங்கத்தின் பேரேட்டில் அடங்காத ஏற்பாடுகள். டர்ராங் பக்கத்துத் துவார்களில் ஆண்டில் ஏறக்குறைய நான்கு மாதம் அசாம் ஆட்சி, மிச்ச எட்டு மாதம் பூட்டான் ஆட்சி. பூட்டான் செலுத்த வேண்டிய திறையோ கவரிமா வால், கஸ்தூரி, பொன்துகள், மட்டக்குதிரை, கம்பளி, கத்தி என்று பொருளாக வந்தது. நம் கோயில்களில் வீசும் வெண்சாமரத்துக்கான மயிர் இப்படி மலையிலிருந்து இறங்கியதுதான். பிரிட்டிஷ் அதிகாரிகள் வந்த பொருளை ஏலம் விட்டு, கிடைத்த விலையை மட்டும் வரவு வைத்தார்கள். விலை குறையக் குறையப் பூட்டான் பெயரில் பாக்கி ஏறிக்கொண்டே போனது. பூட்டானோ கொடுக்க வேண்டியதை முழுதாகக் கொடுத்துவிட்டதாகத்தான் நினைத்தது. இரண்டு பக்கமும் தன் கணக்கு சரி என்று நம்பிய சண்டை இது. அதனால் தீரவே இல்லை.

எல்லையில் ஆள் கடத்தல், மாடு கடத்தல் புகார்கள் வேறு. 1838ல் கேப்டன் பெம்பர்டன் தூது போனார், ஒன்றும் கைகூடவில்லை. 1841ல் அசாம் துவார்கள் ஏழையும் பிரிட்டிஷார் எடுத்துக்கொண்டார்கள். பதிலுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். பணம் கீழிருந்து மேலே போகத் தொடங்கியது இப்போதுதான். நிலத்தை எடுத்துவிட்டு அதற்கு ஆண்டுத்தொகை கொடுப்பது அந்தக் காலத்தில் அவர்களுக்குக் கைவந்த முறை. 1835ல் டார்ஜிலிங்கைச் சிக்கிம் அரசரிடமிருந்து வாங்கி, பிறகு 3,000, அதன்பின் 6,000 என்று ஆண்டுக்குக் கொடுத்தார்கள். 1849ல் சிக்கிம் இரண்டு பிரிட்டிஷ்காரர்களைப் பிடித்து வைத்ததும் தொகையை நிறுத்தி, கூடவே இன்னும் கொஞ்சம் நிலத்தையும் எடுத்துக்கொண்டார்கள். கொடுக்கும் கை எப்போது வேண்டுமானாலும் மூடலாம் என்பது பக்கத்து வீட்டிலேயே நடந்து காட்டிய பாடம்.

பூட்டானில் பேச்சுவார்த்தை யாரோடு என்பதே பெரிய குழப்பம். 17ஆம் நூற்றாண்டில் நாட்டை ஒன்றாக்கிய ஷாப்துருங் நவாங் நம்கியால், சமயத்துக்கு ஒரு தலைவர், நிர்வாகத்துக்கு ஒரு தலைவர் என்று இரட்டை ஆட்சியை ஏற்படுத்தினார். நிர்வாகத் தலைவருக்குத் தேசி என்று பெயர். பிரிட்டிஷார் தேசியைத் ‘தேப் ராஜா’ என்றும், ஷாப்துருங்கின் மறுபிறவியாக வருபவரைத் ‘தர்ம ராஜா’ என்றும் எழுதினார்கள். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் உண்மையான பலம் பாரோ, டிரோங்சா வட்டாரங்களின் ஆளுநர்களான பென்லொப்களிடமும் கோட்டைத் தலைவர்களான ஜோங்பொன்களிடமும் இருந்தது. தேசிகள் அடிக்கடி மாறினார்கள். கல்கத்தாவிலிருந்து ஒரு தேசிக்குப் போட்ட கடிதத்துக்கு இன்னொரு தேசி பதில் எழுதும் நிலை. ‘இவர்களிடம் அரசாங்கமே இல்லை’ என்று பிரிட்டிஷ் அறிக்கைகள் அலுத்துக்கொண்டதில் கொஞ்சம் உண்மை உண்டு. எல்லை அதிகாரிகள் பேராசையோடு நடந்துகொண்டதை மட்டும் அந்த அறிக்கைகள் சின்ன எழுத்தில்தான் சொல்லும்.

1864ல் பிரிட்டிஷ் தூதராக ஆஷ்லி ஈடன் போனார். வராதே என்று பூட்டான் பக்கம் ஜாடையாகவும் நேராகவும் சொல்லிப் பார்த்தது. உள்நாட்டுச் சண்டை நடந்துகொண்டிருந்தது, மலையில் பனி, சுமைகூலிகள் ஓடிப்போனார்கள். ஈடன் விடாமல் மார்ச்சில் பூட்டானின் குளிர்காலத் தலைநகரான புனாகா போய்ச் சேர்ந்தார். அங்கே அவர் முன்னால் நின்றவர் டிரோங்சா பென்லொப் ஜிக்மே நம்கியால், அன்றைய பூட்டானில் மிகப் பலம் வாய்ந்த மனிதர். தூதரின் முடியைப் பிடித்து இழுத்தார்கள், முகத்தில் பிசைந்த மாவை அப்பினார்கள். கடைசியில் அசாம் துவார்களைத் திருப்பித் தருவதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். ஈடன் கையெழுத்தோடு, கட்டாயத்தின் பேரில் போட்டது என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டு வந்தார். அந்த ஆங்கிலம் அங்கே யாருக்கும் புரியவில்லை.

மாவு கதை கல்கத்தா பத்திரிகைகளுக்குப் பெரிய விருந்து. ஆனால் மாவுக்காக ஒரு பேரரசு போருக்குப் போகும் என்று நான் நம்பவில்லை. துவார்களைச் சேர்த்துக்கொள்வதைப் பற்றி அதற்கு முன்பே அதிகாரிகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். அசாமிலும் டார்ஜிலிங்கிலும் தேயிலை நன்றாக வரும் என்பது 1850களிலேயே தெரிந்துவிட்டது. துவார் மண் அதற்கு நடுவில் கிடந்தது. ஈடனுக்கு நேர்ந்த அவமானம் காரணம் தேடிக்கொண்டிருந்தவர்களுக்குக் கிடைத்த காரணம்.

1864 நவம்பர் 12ல் வங்காளத் துவார்களை இணைத்துக்கொள்வதாக அறிவிப்பு வந்தது. நான்கு படைப்பிரிவுகள் மலையடிவாரக் கோட்டைகளை நோக்கிப் போயின. முதலில் சுலபமாகத்தான் நடந்தது. தாலிங்கோட்டை முற்றுகையில் சொந்த வெடிமருந்துப் பீப்பாய் வெடித்து மூன்று பிரிட்டிஷ் அதிகாரிகள் இறந்ததுதான் பெரிய இழப்பு. 1865 தொடக்கத்தில் கதை திரும்பியது. ஜிக்மே நம்கியால் கிழக்கே தேவன்கிரியில் திருப்பித் தாக்கினார். வில்லும் அம்பும் கல்லெறி கருவிகளும் பழைய துப்பாக்கிகளும் வைத்திருந்த படையைக் கண்டு பிரிட்டிஷ் படை பின்வாங்கியது. அவசரத்தில் இரண்டு பீரங்கிகளை விட்டுவிட்டு ஓடினார்கள். ஏப்ரலில் மீண்டும் வந்து பிடித்தார்கள்; அந்தச் சண்டைக்காக இரண்டு பேருக்கு விக்டோரியா சிலுவைகூடக் கிடைத்தது. ஆனாலும் அந்த இரண்டு பீரங்கிகள் மலையில் இருந்தன. ஒப்பந்தம் பேசும்போது அவற்றைத் திருப்பிக் கொடுப்பது ஒரு தன்மானப் பிரச்சினையாகவே ஆகிவிட்டது.

1865 நவம்பர் 11ல் சின்ச்சுலா என்ற இடத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானது. போர் அறிவிப்புக்குச் சரியாக ஒரு வருஷம் ஆக ஒரு நாள் குறைவு. 18 துவார்களும், கிழக்கே தேவன்கிரியும், மேற்கே டீஸ்டாவின் இடக்கரை மலையும் பிரிட்டிஷாருக்கு. இந்த மேற்கு மலையில்தான் காலிம்பொங் இருக்கிறது. பிரிட்டிஷ் பூட்டான் என்றே அதைக் கொஞ்ச காலம் அழைத்தார்கள்.

நான்காவது பிரிவுதான் பணப் பிரிவு. முதலில் 25,000, அடுத்த ஜனவரி 10ல் 35,000, அதற்கடுத்த ஜனவரி 10ல் 45,000, பிறகு ஆண்டுதோறும் 50,000. ஏன் கொடுக்கிறார்கள் என்பதற்கு அந்தப் பிரிவு மூன்று காரணங்களைச் சேர்த்துக் கட்டுகிறது. பூட்டான் நிலங்களை விட்டுக்கொடுத்தது. நடந்த தவறுகளுக்கு வருத்தம் தெரிவித்தது. இனி எல்லையில் குற்றம் செய்பவர்களை அடக்குவதாக வாக்குக் கொடுத்தது. இந்த மூன்றுக்குமாக ஆண்டுதோறும் 50,000 ரூபாய்க்கு ‘மிகாத’ ஒரு படி, அதாவது அலவன்ஸ். இந்தப் பிரிவில் படி என்றுதான் வருகிறது, நிலத்தின் விலை என்றோ குத்தகை என்றோ வரவில்லை. அடுத்த பிரிவு இன்னும் வெளிப்படை: பூட்டான் சரியாக நடந்துகொள்ளாவிட்டால் தொகையை முழுதாகவோ ஒரு பகுதியையோ நிறுத்தி வைக்கலாம். சரியாக நடந்தார்களா என்று முடிவு செய்வது யார்? கொடுப்பவர்தான். சிக்கிமோடும் கூச் பெஹாரோடும் தகராறு வந்தால் தீர்ப்பு சொல்வதும் பிரிட்டிஷ் அரசே என்று எட்டாவது பிரிவு.

நிலத்துக்குக் கொடுக்கும் பணத்தோடு நன்னடத்தையையும் சேர்த்து முடிச்சுப் போட்டதுதான் இதில் இருக்கும் சாமர்த்தியம். வீட்டை வாங்கியவர், பழைய சொந்தக்காரரிடம் ‘ஒழுங்காக இருந்தால் மாதாமாதம் தருகிறேன்’ என்று சொல்வதுபோல.

இதற்கே கல்கத்தா ஆங்கிலப் பத்திரிகைகள் வைஸ்ராய் ஜான் லாரன்ஸைத் திட்டின. தோற்றவனுக்கு ஏன் பணம்? லாரன்ஸின் கணக்கு வேறு. மலைக்குள் போய் ஆள்வதற்குப் படையும் பாதையும் வேண்டும், காய்ச்சலில் சாக ஆள் வேண்டும், வருமானமோ இல்லை. வருமானம் வரும் பட்டை கைக்கு வந்தாயிற்று. 1869ல் ஜல்பாய்குரி மாவட்டம் உருவானது. 1870களில் துவார்களில் தேயிலைத் தோட்டங்கள் வரத் தொடங்கின. சோட்டா நாக்பூரிலிருந்து ஓராவன், முண்டா மக்களைத் தோட்ட வேலைக்குக் கொண்டுவந்தார்கள். 50,000 ரூபாய் அந்த வருமானத்தின் ஒரு ஓரம். பூட்டான் தப்பியதற்கு அதன் மலையும் வில்லாளிகளும் ஒரு காரணம் என்றால், பேரரசுக்கு வேண்டியதெல்லாம் அடிவாரத்திலேயே கிடைத்துவிட்டது இன்னொரு காரணம்.

பணம் மலைக்குள் போய் என்ன செய்தது என்பதுதான் பலரும் கவனிக்காத பகுதி. ஜோங்பொன் தகுதிக்குக் குறையாத அதிகாரி வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தமே சொல்லியிருந்தது. பொருளாகவே வரி வாங்கிய நாட்டில், மொத்தமாக ரொக்கம் வரும் ஒரே வழி இது. அதை யார் வாங்குவது, யார் யாருக்குப் பங்கு என்பது உடனே அரசியல் ஆயிற்று. ஜிக்மே நம்கியால் 1881ல் இறந்தபின் அவர் மகன் உக்யென் வாங்சுக் தலையெடுத்தார். 1885ல் திம்புவின் சங்லிமிதாங் மைதானத்தில் நடந்த சண்டையில் எதிரிகளை வென்றார். அந்தப் பகைக்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, பிரிட்டிஷ் பணத்தில் டிரோங்சாவுக்கு வர வேண்டிய பங்கைத் திம்பு ஜோங்பொன் தராமல் வைத்துக்கொண்டது. இன்று அதே மைதானத்தில் கால்பந்து ஆடுகிறார்கள்.

உக்யென் வாங்சுக் தந்தையைப்போல் பீரங்கி பிடிக்கப் போகவில்லை. 1904ல் யங்ஹஸ்பண்ட் தலைமையில் பிரிட்டிஷ் படை திபெத்துக்குள் போனபோது கூடவே லாசா வரை போய்ச் சமரசம் பேசினார். பிரிட்டிஷார் மகிழ்ந்து சர் பட்டம் கொடுத்தார்கள். 1907 டிசம்பர் 17ல் புனாகாவில் அவரைப் பரம்பரை அரசராகத் தேர்ந்தெடுத்தார்கள். சிக்கிமில் பிரிட்டிஷ் அரசியல் அதிகாரியாக இருந்த ஜான் கிளாட் வைட் விழாவில் உட்கார்ந்திருந்தார். இரட்டை ஆட்சியின் கதை அதோடு முடிந்தது. கல்கத்தாவுக்கு இப்போது கடிதம் எழுத ஒரே முகவரி.

அதே சமயம் கிழக்குத் திபெத்தில் சீனப் படை முன்னேறிக்கொண்டிருந்தது. பூட்டானும் தங்கள் பிடியில் அடங்கியதுதான் என்ற தொனியில் லாசாவிலிருந்த சீனப் பேரரசின் பிரதிநிதிகளான அம்பான்கள் பேசினார்கள். வைட்டுக்குப் பின் வந்த சார்லஸ் பெல் அவசரமாக ஓர் ஒப்பந்தத் திருத்தத்தை எடுத்துக்கொண்டு புனாகா போனார். 1910 ஜனவரி 8ல் கையெழுத்து. அடுத்த மாதமே சீனப் படை லாசாவில் நுழைந்தது, தலாய் லாமா இந்தியாவுக்கு ஓடிவந்தார்.

புனாகா ஒப்பந்தம் சின்ச்சுலாவின் இரண்டு பிரிவுகளை மட்டும்தான் மாற்றியது. நான்காவது பிரிவில் 50,000 ஒரு லட்சம் ஆனது. எட்டாவது பிரிவில் இரண்டு வாக்கியங்கள் நுழைந்தன: பூட்டானின் உள்நிர்வாகத்தில் பிரிட்டிஷ் அரசு தலையிடாது, அயலுறவில் பிரிட்டிஷ் அரசின் ஆலோசனைப்படி நடக்கப் பூட்டான் ஒப்புக்கொள்கிறது. கூடுதல் 50,000 ரூபாய் இந்த இரண்டாவது வாக்கியத்தின் விலை என்று நேராகச் சொல்லிவிடலாம். இந்த முறை வாங்கியது நிலத்தை அல்ல.

‘ஆலோசனைப்படி’ என்ற சொல்லின் கனம் பக்கத்துச் சிக்கிமைப் பார்த்தால்தான் தெரியும். 1890ல் கல்கத்தாவில் பிரிட்டனும் சீனாவும் ஓர் உடன்படிக்கை செய்தன. சிக்கிமின் உள்நிர்வாகமும் வெளியுறவும் பிரிட்டனின் நேரடி, தனிக் கட்டுப்பாட்டில் இருக்கும் என்று அதில் எழுதினார்கள். அந்த மேஜையில் சிக்கிமுக்கு நாற்காலியே இல்லை. காங்டாக்கில் அரசியல் அதிகாரி குடியேறினார். பூட்டானுக்குள் அப்படி ஓர் அதிகாரி குடியேறவில்லை. காங்டாக்கில் இருந்தவரே எப்போதாவது மலையேறி வந்து போனார். கட்டுப்பாடு என்ற சொல்லும் ஆலோசனை என்ற சொல்லும் அன்றைக்கு ஒன்றுபோலத் தோன்றியிருக்கலாம். அரை நூற்றாண்டு கழித்து அவற்றின் பாதைகள் பிரிந்தன.

1947க்குப் பின் டெல்லிக்கு முன்னால் இரண்டு மலைநாடுகளும் நின்றன. பூட்டானோடு 1949 ஆகஸ்ட் 8ல் டார்ஜிலிங்கில் ஒப்பந்தம் ஆயிற்று. 1910ன் அந்த இரண்டு வாக்கியங்களையும் எடுத்து, பிரிட்டிஷ் என்ற இடத்தில் இந்தியா என்று போட்டிருக்கிறார்கள். அவற்றில் வேறு பெரிய மாற்றம் இல்லை. ஆசியாவின் விடுதலைக்காகப் பேசிய அரசு, வைஸ்ராய் மிண்டோ காலத்து அதிகாரிகளின் வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போட்டது. அன்றைய டெல்லிக்குச் சீனப் புரட்சியைப் பற்றிய கவலை இருந்தது, சரி. ஆனாலும் படிக்கும்போது கொஞ்சம் உறுத்துகிறது.

பணப் பிரிவில்தான் எனக்குப் பிடித்த மாற்றம். சின்ச்சுலாவின் நான்காவது பிரிவில் வந்த தொகை, 1910ல் கூட்டியது, 1942ல் தற்காலிகமாகச் சேர்த்த ஒரு லட்சம் ஆகிய எல்லாவற்றுக்கும் பதிலாக 5 லட்சம் என்று மூன்றாவது பிரிவு சொல்கிறது. அந்தப் பழைய தொகையைக் குறிக்க அது எடுத்த சொல் ‘இழப்பீடு’. 84 வருஷம் முன்னால் நான்காவது பிரிவில் படியாகவும் ஐந்தாவது பிரிவில் மட்டும் இழப்பீட்டுப் பணமாகவும் வந்தது, இங்கே வெறும் இழப்பீடு ஆகிவிட்டது. வருத்தம் தெரிவித்ததற்கான கூலி என்ற பேச்சு போயிற்று. நிலம் போனதற்கான பணம் என்ற பேச்சு வந்தது. நான்காவது பிரிவு தேவன்கிரியில் ஏறக்குறைய 32 சதுர மைல் நிலத்தை ஓர் ஆண்டுக்குள் திருப்பித் தருவதாகவும் சொன்னது, தந்தார்கள்.

சிக்கிமோடு 1950 டிசம்பரில் எழுதியது வேறு மாதிரி. அது இந்தியாவின் பாதுகாப்பில் உள்ள நாடு. வெளியுறவை இந்தியா மட்டுமே நடத்தும். 1975ல் சிக்கிம் இந்தியாவின் 22ஆவது மாநிலம் ஆனது. பூட்டானோ 1971ல் ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பினராகிவிட்டது, அதுவும் இந்தியாவின் ஆதரவோடு. ஆலோசனை கேட்பது கடமை, கேட்டபடி நடப்பது கடமையா என்ற கேள்வியை மெதுவாக, சத்தமில்லாமல் திம்பு நீட்டிக்கொண்டே போனது. 1984ல் எல்லை பற்றிச் சீனாவோடு நேரடியாகப் பேச உட்கார்ந்தது. ஒப்பந்த வரி அப்படியேதான் இருந்தது. அதன் பொருள்தான் வருஷத்துக்கு வருஷம் இளைத்துக்கொண்டு வந்தது.

2007 பிப்ரவரி 8ல் அந்த வரியையே எடுத்தார்கள். புது ஒப்பந்தத்தில் இரு நாடுகளும் தங்கள் தேச நலன்கள் சார்ந்த விஷயங்களில் நெருங்கி ஒத்துழைக்கும், ஒரு நாட்டின் மண்ணை மற்ற நாட்டுக்கு எதிராகப் பயன்படுத்த விடமாட்டார்கள் என்று இருக்கிறது. ஆயுதம் வாங்க இந்தியாவின் ஒப்புதல் வேண்டும் என்ற பழைய நிபந்தனையும் தளர்ந்தது. 5 லட்சம் ரூபாய்ப் பிரிவு அதில் இல்லை. நீர்மின் திட்டங்களுக்கும் ஐந்தாண்டுத் திட்டங்களுக்கும் கோடிக்கணக்கில் பணம் போகும்போது ஜனவரி 10ன் 5 லட்சத்தை யார் தேடப்போகிறார்கள்.

தேவன்கிரி இப்போது தேவதாங் என்ற பெயரில் பூட்டானின் தென்கிழக்கில் இருக்கிறது. காலிம்பொங் மேற்கு வங்காளத்தில் தனி மாவட்டம். 1864ல் பிடிபட்ட பக்ஸா கோட்டையில் பிரிட்டிஷார் 1930களில் வங்காள விடுதலைப் போராட்டக்காரர்களை அடைத்து வைத்தார்கள். 1959க்குப் பின் திபெத்திலிருந்து ஓடிவந்த துறவிகள் அங்கே தங்கிப் படித்தார்கள். இன்று புலிக் காப்பகத்துக்குள் ஒரு மணிநேரத்துக்கு மேல் மலையேறிப் போனால் அதன் இடிந்த சுவர்களைப் பார்க்கலாம்.